நாற்பதாவது பெட்டி

2000ஆம் ஆண்டு கோடை விடுமுறை. எம்.ஏ. முதலாண்டுத் தேர்வை முடித்துவிட்டு வீட்டிலிருந்தேன். "தமிழ் மட்டும் படிச்சா இனிமே போதாதாம், கம்ப்யூட்டரும் தெரியணுமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்து என்னைப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டாள். ஆறு மாதப் படிப்பு. முடிவில் நான்கு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். பள்ளியில் மாணவர்களைச் சேர்க்கும்போது விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் எங்களுக்கு வாய்த்தது.

முதல் நாளே சார் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் டிசைன் பண்ணுங்கம்மா. கோலம் போடுற கைதானே, பெட்டியெல்லாம் வரிசையா வரும். கோடிங்கைப் பசங்க பாத்துக்குவாங்க." அவர் நல்லவர். கிண்டலாகவும் சொல்லவில்லை. அதனாலேயே அந்த வாக்கியம் இத்தனை ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. திரையில் எது எங்கே இருக்க வேண்டும், அதற்கு என்ன பெயர், எதைத் தொட்டால் எது நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது அலங்கார வேலை. அதற்குப் பின்னால் ஓடும் கணக்குதான் மூளை வேலை. இப்படி ஒரு பிரிவினை அந்த அறையில் யாரும் விவாதிக்காமலேயே இருந்தது. அது அந்த அறையில் பிறந்ததல்ல என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நாங்கள் பயன்படுத்தியது விஷுவல் பேசிக் 6. இடதுபுறம் ஒரு கருவிப்பெட்டி இருக்கும். எழுதும் கட்டம், பொத்தான், பெயர்ப்பட்டை என்று வேண்டியதை எடுத்துப் படிவத்தின்மேல் வைக்கலாம். வைத்த மாத்திரத்தில் மென்பொருளே அதற்கு ஒரு பெயர் சூட்டிவிடும். முதல் கட்டம் டெக்ஸ்ட்1, அடுத்தது டெக்ஸ்ட்2. முதல் பொத்தான் கமாண்ட்1. நன்னூல் படித்தவளுக்கு இது உடனே புரிந்தது. இவையெல்லாம் இடுகுறிப் பெயர்கள். காரணம் எதுவும் இல்லை, இட்டதனால் வந்த பெயர். டெக்ஸ்ட்17 என்பது பிறந்த தேதியா, வட்டத்தின் பெயரா? வைத்தவளுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் கழித்து வைத்தவளுக்கும் தெரியாது.

எங்கள் படிவத்தில் 39 கட்டங்கள். பள்ளியிலிருந்து வாங்கி வந்த காகிதப் படிவத்தைப் பார்த்து அப்படியே வைத்தோம். "புதியது" என்ற பொத்தானை அழுத்தினால் 39 கட்டங்களும் காலியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் என்றால் 39 வரி எழுத வேண்டும். சேமிக்க இன்னொரு 39, திரும்பக் காட்ட இன்னொரு 39. இந்த அலுப்பைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. ஒரு கட்டத்தை நகலெடுத்து ஒட்டினால் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இவற்றை ஒரே வரிசையாக ஆக்கிக்கொள்ளவா? ஆம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், கூடவே ஓர் எண். இதைக் கன்ட்ரோல் அரே என்பார்கள். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். அதன்பின் பூஜ்யத்திலிருந்து 38 வரை ஒரு சுற்று ஓடவிட்டால் போதும், மூன்றே வரிகளில் வேலை முடிந்துவிடும். விஷுவல் பேசிக்கில் ஒரு படிவத்தில் 254 பெயர்களுக்கு மேல் வைக்க முடியாது. ஒரு வரிசை முழுவதும் ஒரே பெயராகக் கணக்கில் வருவதால், பெரிய படிவம் செய்கிறவர்களுக்கு இது பேருதவி.

பெயரை விட்டுக்கொடுத்து எண்ணை வாங்கிக்கொண்டால் நிர்வாகம் எளிதாகிறது. விடுதியிலும் சிறையிலும் ரேஷன் கடையிலும் நாம் அறிந்த விதிதான்.

எல்லாம் முடிந்த பிறகு திரையைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். மாணவர் பெயர், தந்தை பெயர், தந்தை தொழில், தந்தை வருமானம் எல்லாம் இருந்தன. அம்மாவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. காகிதத்தில் இல்லாததால் திரையிலும் இல்லை. "தந்தை பெயருக்குப் பக்கத்துல தாய் பெயரும் வைக்கலாமா சார்?" என்று கேட்டேன். அவர் பையன்களைப் பார்த்தார். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். தந்தை பெயரின் எண் 3. அதன் பக்கத்தில் இன்னொன்றை நுழைத்தால் 4 முதல் 38 வரை 35 கட்டங்களின் எண்ணும் நகர வேண்டும். சேமிக்கும் அட்டவணையும் அதே வரிசையில் இருந்ததால் அதையும் மாற்ற வேண்டும். "இப்ப கலைக்க முடியாதும்மா. வேணும்னா கடைசியில போட்டுக்கோ" என்றார் சார். போட்டேன். எண் 39, நாற்பதாவது பெட்டி. "குறிப்புகள்" என்ற கட்டத்துக்கும் கீழே, சேமிக்கும் பொத்தானை ஒட்டி.

அதை நான் அன்று தொழில்நுட்பச் சிக்கல் என்றே நம்பினேன். பல ஆண்டுகள் கழித்து, பெண் எழுத்தின் வரலாறு பற்றிய பாடத்துக்காக வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, கணினிக்கு முன்னால் நின்ற பெண்களின் வரலாறு என் கையில் தட்டுப்பட்டது. அதைப் படித்தபோதுதான் அந்த நாற்பதாவது பெட்டி மறுபடி ஞாபகம் வந்தது.

*

இரண்டாம் உலகப்போரின்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் பல பெண்கள் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே விழும் என்ற கணக்கு. ஒரு பாதையைக் கையால் கணக்கிட ஒருவருக்கு 30 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்தப் பெண்களின் பதவிப் பெயரே "கம்ப்யூட்டர்" என்பதுதான். இயந்திரத்துக்கு முன்னால் அந்தச் சொல் அவர்களுடையதாக இருந்தது.

இதே கணக்கை நொடிகளில் போட எனியாக் என்ற இயந்திரத்தைக் கட்டினார்கள். ஓர் அறையை அடைத்து நின்ற 40 பலகைகள், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், ஆயிரக்கணக்கான சுவிட்சுகள், அவற்றுக்கிடையே செருகிப் பிடுங்கும் கம்பிகள். விசைப்பலகையோ திரையோ கிடையாது. நாம் இன்று பொத்தான், கட்டம், பட்டியல் என்று திரையில் காண்பதன் இடத்தில் அன்று இருந்தது அந்தச் சுவர்தான். அதை இயக்க 1945இல் ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கே மெக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். வாசிக்கிறவர்கள் இந்த ஆறு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இயந்திரத்தைத் தொட அவர்களுக்கு முதலில் அனுமதியில்லை. ராணுவ ரகசியம். வரைபடங்களை மட்டும் கொடுத்தார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் கையேடு அப்போது எழுதப்படவே இல்லை. வரைபடத்தைப் படித்து, பொறியாளர்களைக் கேள்வி கேட்டு, எந்தச் சுவிட்சு எந்த நிலையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு கணக்கைச் சிறு படிகளாக உடைப்பது, ஒவ்வொரு படியையும் ஒரு பலகையில் அமைப்பது, எது முடிந்தால் எது தொடங்க வேண்டும் என்று இணைப்பது. இன்று நிரல் எழுதுதல் என்கிறோமே, அதுதான் இது. அன்று அதற்குப் பெயர் இல்லை. ஊதியப் பட்டியலில் அவர்கள் தொழில்முறையாளருக்குக் கீழான தரத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள்.

1946 பிப்ரவரியில் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டது. அந்தக் காட்சிக்கான கணக்கை அமைத்தவர்கள் ஜீனும் பெட்டியும். முந்தைய நாள்வரை ஒரு பிழை. குண்டு தரையில் விழுந்த பிறகும் கணக்கு நிற்கவில்லை. இரவில் தூக்கத்தில் பெட்டிக்கு விடை கிடைத்தது. மறுநாள் விடிந்ததும் வந்து, அத்தனை சுவிட்சுகளுக்கு நடுவில் ஒரு நிலை தள்ளி இருந்த ஒன்றைத் திருத்தினார். தூக்கத்தில் பெட்டியால் போட முடிகிற தர்க்கத்தை விழித்திருக்கும் பலராலும் போட முடியாது என்று ஜீன் பின்னாளில் வியந்திருக்கிறார். காட்சி வெற்றி. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை.

புகைப்படங்கள் மட்டும் எஞ்சின. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி அந்தப் படங்களைப் பார்த்து, இந்தப் பெண்கள் யார் என்று கேட்டார். விளம்பரங்களில் குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் அழகுக்காகப் பெண்களை நிறுத்துவார்களே, அப்படி நிறுத்தப்பட்டவர்கள் என்று பதில் கிடைத்தது. அவர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. தேடிப் போய் அவர்களைக் கண்டுபிடித்தார். 1997இல்தான் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு கௌரவம் செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் அவர்கள் பெயரற்ற ஆறு எண்ணிக்கையாகவே இருந்திருக்கிறார்கள்.

ஆறு பேரில் பெட்டி ஸ்னைடரை நான் இன்னும் கொஞ்சம் பின்தொடர்ந்தேன். கல்லூரியில் முதல் நாளே அவருடைய கணிதப் பேராசிரியர், வீட்டில் இருந்து குழந்தை வளர்ப்பது நல்லதல்லவா என்று கேட்டிருக்கிறார். அவர் கணிதத்தை விட்டு இதழியல் படித்தார். போர்தான் அவரைக் கணக்குக்குத் திரும்பக் கொண்டுவந்தது. திருமணத்துக்குப் பின் பெட்டி ஹோல்பர்ட்டன் என்று அறியப்பட்ட அவர், அடுத்து வந்த யூனிவாக் கணினிக்கான கட்டுப்பாட்டுப் பலகையை வடிவமைத்தார். எழுத்து விசைகளின் பக்கத்தில் எண் விசைகளைத் தனித் தொகுதியாக வைத்தார். கறுப்பாக இருந்த இயந்திரத்தைச் சாம்பல் கலந்த வெளிர் நிறத்துக்கு மாற்றப் பொறியாளர்களைச் சம்மதிக்க வைத்தார். எங்கள் பயிற்சி மையத்துக் கணினிகள் அத்தனையும் அந்த நிறம்தான். ஆயிரக்கணக்கான சுவிட்சுகளுக்கு முன் நின்று பழகிய ஒருத்திக்குத்தான் எது கைக்கு எட்ட வேண்டும், எவை ஒன்றாக இருக்க வேண்டும், எந்த நிறம் கண்ணை உறுத்தாது என்று தெரியும். அந்த அறிவை அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது யாராலும் இயக்க முடியாத ஓர் இரும்புச் சுவர்.

*

சுவர் திரையாக மாறியபோது அதே சிக்கல் வேறு உருவில் வந்தது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திய பார்க் ஆய்வகம். நாம் நகல் எடுப்பதற்கே பெயராக வைத்துக்கொண்டிருக்கிறோமே, அதே ஜெராக்ஸ். அங்கே ஆலன் கே தொடங்கிய குழுவில் 1973இல் அடேல் கோல்ட்பெர்க் சேர்ந்தார். ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியை அந்தக் குழு உருவாக்கியது. சாளரங்கள், பட்டியல்கள், சுட்டி என்று இன்று நமக்குப் பழகிப்போன திரை அங்கேதான் உருப்பெற்றது. கோல்ட்பெர்க் அந்த மொழியைப் பள்ளிச் சிறுவர் சிறுமியருக்குக் கற்றுக்கொடுத்தார். 12 வயதுச் சிறுமி ஒருத்தி திரையில் படம் வரையும் கருவி ஒன்றைத் தானே எழுதினாள். பிறகு தன் வயதுப் பிள்ளைகளுக்கு அவளே வகுப்பும் எடுத்தாள். டிசைன் ஒருவருக்கு, கோடிங் இன்னொருவருக்கு என்று அங்கே யாரும் அவளிடம் சொல்லவில்லை.

திரையில் பொருட்கள் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகியது. ஒரே விவரம் ஒரு சாளரத்தில் எண்ணாகவும் இன்னொன்றில் படமாகவும் தெரிகிறது. ஒன்றை மாற்றினால் மற்றது மாற வேண்டும். யார் யாருக்குச் சொல்வது? 1978இல் நார்வேயிலிருந்து டிரிக்வே ரீன்ஸ்கௌக் என்பவர் அந்த ஆய்வகத்துக்கு விருந்தினராக வந்தார். கப்பல் கட்டும் பணிகளுக்கான மென்பொருளில் அனுபவம் உள்ளவர். ஆயிரக்கணக்கான விவரங்களை ஒரு மனிதர் எப்படித் தன் பிடிக்குள் வைத்திருப்பது என்பதே அவருடைய கேள்வி. 1979இல் அவர் ஒரு வழியை எழுதினார். மூன்றாகப் பிரி. உண்மையில் இருக்கும் விவரம் ஒன்று. அது கண்ணுக்குத் தெரியும் விதம் இன்னொன்று. மனிதக் கை அதைத் தொடும்போது என்ன செய்வது என்று பார்த்துக்கொள்வது மூன்றாவது. விவரம் தன்னை யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படத் தேவையில்லை. மாறும்போது "மாறிவிட்டேன்" என்று அறிவித்தால் போதும். பார்க்கிறவை தாமே தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று இன்று கணினி மாணவிகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது இதைத்தான்.

ரீன்ஸ்கௌக் பின்னாளில் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. இதில் மிகக் கடினமாக இருந்தது இந்தப் பகுதிகளுக்குச் சரியான பெயர்களைக் கண்டுபிடிப்பதுதான் என்கிறார். அவர் முதலில் வைத்த பெயர்கள் வேறு. குறிப்பாக அடேல் கோல்ட்பெர்க்கோடு நடத்திய நீண்ட விவாதங்களுக்குப் பின்னரே இந்த மூன்று சொற்களுக்கு வந்து சேர்ந்தார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். பெயர் சரியாக அமைந்தபோது எண்ணமும் தெளிந்தது. காரணப்பெயர் வைப்பது பொருளை அறிந்த பின்பு செய்யும் வேலை. அறிய வைக்கும் வேலையும் அதுதான்.

அதே 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஆய்வகத்துக்கு வந்தார். ஸ்மால்டாக்கை அவர் குழுவுக்குக் காட்டச் சொல்லி மேலிடம் கோல்ட்பெர்க்கிடம் சொன்னது. முடியாது என்றார் அவர். வீட்டிலுள்ள அத்தனையும் இதனால் வெளியே போய்விடும் என்று ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாதாடினார். கடைசியில் அதை உத்தரவாகவே பெற்றுக்கொண்ட பிறகுதான் காட்டினார். அடுத்து நடந்தது ஊரறிந்த கதை. 1984இல் மெக்கின்டோஷ் வந்தது. ஜாப்ஸ் பார்க்க வந்த காட்சியைச் சொல்லாத கணினி வரலாறு அரிது. வேண்டாம் என்ற பெண்ணை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே ஆண்டு கோல்ட்பெர்க் அமெரிக்காவின் கணினியாளர் சங்கமான ஏ.சி.எம்.மின் தலைவரானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெக்கின்டோஷ் குழுவிலும் பெண்கள் இருந்தார்கள். எந்தப் பொத்தான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நெறிமுறைகளின் முதல் வரைவை எழுதியவர் ஜோவன்னா ஹாஃப்மன். தொல்லியல் ஆய்விலிருந்து வந்தவர். குப்பைத்தொட்டி, சிரிக்கும் கணினி ஆகிய சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர். நுண்கலையில் முனைவர் பட்டம் பெற்றவர். கட்டம் போட்ட நோட்டில், நெட்டில் 32, குறுக்கில் 32 சதுரங்களை ஒவ்வொன்றாக நிரப்பியோ காலியாக விட்டோ வரைந்தார். 1,024 சதுரங்களுக்குள், மொழி தெரியாதவருக்கும் புரியும்படி ஒரு பொருளைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சார் சொன்ன "கோலம் போடுற கை"தான் அது. ஆனால் புள்ளிகளை எண்ணாமல், எங்கே வளைத்தால் எங்கே வந்து சேரும் என்று முன்கூட்டிப் பார்க்காமல் ஒரு சிக்குக்கோலத்தைப் போட்டுவிட முடியுமா? கையைப் பாராட்டியவர் மூளையைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

*

இப்போது என் நாற்பதாவது பெட்டிக்குத் திரும்புகிறேன். அதை உரிய இடத்தில் வைக்க வழி இருந்ததா? இருந்தது. விஷுவல் பேசிக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் டேக் என்று ஒரு பண்பு உண்டு. நாம் விரும்பியதை அதில் எழுதி வைக்கலாம். கட்டம் எந்த விவரத்துக்கானது என்பதை அதில் எழுதிவிட்டு, சுற்று ஓடும்போது எண்ணைப் பார்க்காமல் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சேமித்திருந்தால், கட்டத்தை எங்கே வைத்தாலும் கவலையில்லை. தாயைத் தந்தைக்குப் பக்கத்தில் வைக்க ஒருவரையும் நகர்த்த வேண்டியதில்லை. 2002இல் வந்த விஷுவல் பேசிக் டாட் நெட்டில் கன்ட்ரோல் அரே என்ற வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. "இப்ப கலைக்க முடியாது" என்பது இயந்திரம் சொன்னதல்ல. ஒரு வரிசையை முதலில் அமைத்தவர்கள், அதில் யார் இல்லை என்று கேட்காமல் அமைத்ததால் வந்தது.

இன்னொன்றும் புரிந்தது. விவரம் வேறு, தோற்றம் வேறு என்று பிரித்த அந்த முறைப்படி பார்த்தால், உள்ளே இல்லாத ஒன்றை எந்தத் திரையும் காட்ட முடியாது. காகிதப் படிவத்தில் அம்மா இல்லை என்பது தோற்றத்தின் குறை அல்ல. பள்ளி அறிந்து வைத்திருந்த உலகத்திலேயே அவள் இல்லை. இந்தியாவில் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும், அது தாயாகவும் இருக்கலாம் என்று விதி மாறியது 2016 டிசம்பரில்தான். தனித்து வாழும் தாய்மார்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பிறகு ஒரு கட்டம் கட்டாயத்திலிருந்து விடுபட்டது. ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்குவது நிரலாளருக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கடக்கச் சிலருக்கு வாழ்நாளில் பாதி போய்விடுகிறது.

நம் சங்கப் புலவர்களில் சிலருக்குச் சொந்தப் பெயர் தொலைந்து, பாட்டிலிருந்தே பெயர் வந்திருக்கிறது. காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் ஆன நச்செள்ளையாருக்கு இரண்டுமே தங்கின. அவர் அதிர்ஷ்டசாலி. செய்த வேலை மட்டும் உலகெங்கும் தங்கி, செய்தவள் பெயர் தொலைந்துபோன வரலாறுதான் நம் மேசைமேல் இருக்கும் இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. அடுத்தமுறை எண் விசையைத் தட்டும்போது பெட்டியையும், ஒரு சாளரத்தில் மாற்றியது இன்னொன்றில் தானாக மாறும்போது அடேலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு எங்கள் கல்லூரியின் கணினித் துறை மாணவிகள் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். ஏதோ ஒரு செயலிக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டுமாம். படிவத்தைக் காட்டச் சொன்னேன். மடிக்கணினியைத் திறந்தார்கள். மாணவர் பெயருக்கு அடுத்த கட்டம் தாய் பெயர். அதற்கு அடுத்தது தந்தை பெயர். இரண்டில் எதையும் நிரப்பாமலும் சேமிக்கலாம்.

"இதுல யார் டிசைன், யார் கோடிங்?" என்று கேட்டேன்.

கேள்வி புரியாமல் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாத்தையும் நாங்கதான் மேம் பண்ணோம்" என்றாள் நடுவில் இருந்தவள். முகப்புப் பக்கத்தின் அடியில் மூன்று பெயர்களும் தலைப்பெழுத்தோடு இருந்தன. ஒருத்தியின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள். முதலாவது அவள் அம்மாவுடையது என்றாள்.